வெஸ்ட்செஸ்டரில் எளியவருக்கு வீடு ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி இது: "நியூயார்க் நகரத்தை ஒட்டிய வெஸ்ட்செஸ்டர் கவுண்டி மாதிரியான வசதியான புறநகரங்களில், வருமானம் குறைந்தவர்களுக்கு வீடு கட்ட அரசே பணம் கொடுத்தும் ஏன் நடப்பதில்லை? இது நிறப் பாகுபாடா, வெறும் பண விவகாரமா? அங்கே வேலைக்குப் போயிருக்கும் என் தம்பி, சக்கர நாற்காலியில் இருக்கும் மாமியாரோடு வாடகை வீடு தேடுகிறான். அவனுக்கு ஏதாவது வழி உண்டா?"

நிறமா, பணமா என்ற உங்கள் கேள்விதான் அந்தக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மீதே போடப்பட்ட ஒரு வழக்கின் மையம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். தம்பியின் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

2006 ஏப்ரலில் நியூயார்க் பாகுபாடு எதிர்ப்பு மையம் என்ற சின்ன அமைப்பு ஒன்று வெஸ்ட்செஸ்டர் கவுண்டி மீது வழக்குப் போட்டது. அவர்கள் கையில் எடுத்த சட்டம் வீட்டுரிமைச் சட்டம் இல்லை. 1863ல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ராணுவத்துக்கு மட்டமான சரக்கை விற்ற ஒப்பந்தக்காரர்களைப் பிடிக்க ஆபிரகாம் லிங்கன் காலத்தில் போட்ட பொய்க் கோரிக்கைச் சட்டம். அரசிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கியவர் மீது, அரசின் சார்பில் வெளியாள் வழக்குத் தொடரலாம். ஜெயித்தால் அவருக்கும் பங்கு உண்டு. தோற்பவர் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கட்ட வேண்டிவரும்.

கவுண்டி என்ன பொய் சொன்னது? அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறையை எல்லோரும் 'ஹட்' என்றே சொல்வார்கள். அது உள்ளாட்சிகளுக்கு சமூக மேம்பாட்டு மானியம் கொடுக்கும்போது ஓர் உறுதிமொழி எழுதி வாங்கும். அதன் வேர் 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் இருக்கிறது. பாகுபாடு காட்டாமல் இருந்தால் மட்டும் போதாது, ஏற்கனவே இருக்கும் இனப் பிரிவினையைக் குறைக்கவும் முனைந்து வேலை செய்ய வேண்டும். உங்கள் எல்லைக்குள் என்னென்ன தடைகள் இருக்கின்றன என்று ஆராய்ந்து எழுதவும் வேண்டும். 2000க்கும் 2006க்கும் இடையே வெஸ்ட்செஸ்டர் இப்படி 5 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் வாங்கியது. ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டது. ஆனால் அது எழுதிக் கொடுத்த தடை ஆய்வுகளில் இனம் ஒரு தடையாக ஆராயப்படவே இல்லை. ஏன் என்று கேட்டபோது கவுண்டி சொன்ன பதில்: நாங்கள் பாகுபாட்டை வருமானத்தின் கோணத்தில்தான் பார்த்தோம், இனத்தின் கோணத்தில் அல்ல.

2009 பிப்ரவரியில் நீதிபதி டெனிஸ் கோட் இதை ஏற்க மறுத்தார். வருமானத்தைப் பற்றி எழுதினால் இனத்தைப் பற்றி எழுதியதாக ஆகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதே வருட ஆகஸ்டில் கவுண்டி சமரசத்துக்கு வந்தது. மொத்தம் 6 கோடியே 25 லட்சம் டாலர். அதில் 5 கோடியே 16 லட்சம் வீடு கட்டுவதற்கு. ஏழு வருடத்தில் 750 வீடுகள். அதிலும் 630 வீடுகள், கறுப்பினத்தவர் 3 சதவீதத்துக்கும் லத்தீனோக்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) 7 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள ஊர்களில் கட்டப்பட வேண்டும்.

750 என்பது பெரிய எண்ணிக்கை இல்லை. கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். 2019ல் கவுண்டியே வெளியிட்ட தேவைக் கணக்கு, கட்டுப்படியாகும் வீடுகள் சுமார் 11,700 புதிதாக வேண்டும் என்றது. அப்படியிருந்தும் இந்த 750க்காக எட்டு வருடம் சண்டை நடந்தது. ஏன் என்று பார்த்தால் தடை எங்கே இருக்கிறது என்பது புரியும்.

முதலில் அந்த நிலத்தின் நிர்வாக அமைப்பு. வெஸ்ட்செஸ்டர் கவுண்டிக்குள் நகரம், டவுன், வில்லேஜ் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள். யாங்கர்ஸ், மவுண்ட் வெர்னான், நியூ ரோஷெல், வைட் பிளெய்ன்ஸ் போன்ற நகரங்களில் வாடகைக் குடியிருப்புகளும் கறுப்பின, லத்தீனோ மக்களும் அதிகம். ஸ்கார்ஸ்டேல், பிரான்க்ஸ்வில், பவுண்ட் ரிட்ஜ் போன்ற ஊர்களில் தனி வீடுகள், பெரிய மனைகள், புகழ்பெற்ற பள்ளிகள். மத்திய அரசின் மானியம் வருவது கவுண்டிக்கு. ஆனால் எந்த மனையில் என்ன கட்டலாம் என்று முடிவு செய்யும் சோனிங் அதிகாரம் கவுண்டிக்குக் கிடையாது. நியூயார்க் மாநிலச் சட்டப்படி அது அந்தந்த டவுனிடமும் வில்லேஜிடமும் இருக்கிறது. பணம் ஒரு கையில், பேனா இன்னொரு கையில். சமரசத்தில் கையெழுத்துப் போட்டது கவுண்டி. வீட்டுக்கு அனுமதி தர வேண்டியவர்கள் அந்த மேஜையில் உட்காரவே இல்லை.

அந்தப் பேனா என்ன எழுதுகிறது? எடுத்துக்காட்டாக, கவுண்டியின் வடக்கே உள்ள பெட்ஃபோர்ட் டவுனின் பெரும்பகுதியில் ஒரு வீடு கட்டக் குறைந்தது 4 ஏக்கர் மனை வேண்டும். சென்னைக் கணக்கில் சுமார் 72 கிரவுண்ட்! வேறு பல ஊர்களில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர். அடுக்குமாடி கட்டலாம் என்று வரைபடத்தில் குறித்திருக்கும் இடங்கள் மிகச் சில. பெரும்பாலும் அங்கே ஏற்கனவே கட்டிடம் இருக்கும். மீதி இடத்தில் கட்ட வேண்டுமானால் விதியையே மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த விதிகளில் எங்குமே நிறம் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. இருக்கவும் முடியாது, கறுப்பினத்தவர் இந்தத் தெருவில் குடியிருக்கக் கூடாது என்று நகராட்சிகள் நேரடியாகப் போட்ட விதிகளை உச்ச நீதிமன்றம் 1917லேயே ரத்து செய்துவிட்டது. ஒன்பது வருடம் கழித்து, 1926ல், யூக்ளிட் வழக்கில் அதே நீதிமன்றம் தனி வீட்டுப் பகுதி, அடுக்குமாடிப் பகுதி என்று பிரிப்பது செல்லும் என்றது. தனி வீடுகள் நிறைந்த பகுதியில் வரும் அடுக்குமாடியை அந்தத் தீர்ப்பு 'ஒட்டுண்ணி' என்றே வர்ணிக்கிறது. 1934க்குப் பிறகு மத்திய அரசின் வீட்டுக்கடன் காப்பீடு வெள்ளையர் புறநகருக்குத் தாராளமாகப் போனது, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குப் போகவில்லை. விற்பனைப் பத்திரத்திலேயே 'வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது' என்று எழுதும் வழக்கத்தை 1948 வரை நீதிமன்றங்கள் அமல்படுத்திக் கொடுத்தன. இரண்டு தலைமுறை இப்படி வாங்கி, விற்று, பிள்ளைகளுக்கு எழுதி வைத்து முடித்த பிறகு, 4 ஏக்கர் விதி ஒன்றே போதும். இனத்தைப் பற்றிப் பேசாமலே அது முன்பு நடந்ததை அப்படியே காப்பாற்றும். ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: முதலில் நிறத்தால் பிரித்தார்கள், பிறகு அந்தப் பிரிவைப் பணம் பார்த்துக்கொண்டது. இன்று கூட்டத்தில் எழுந்து எதிர்ப்பவரில் பலர் மனதில் இன வெறுப்பே இல்லாமலும் இருக்கலாம். அது இல்லாவிட்டாலும் அமைப்பு ஓடும். இதில் ஆபத்தே அதுதான்.

சரி, ஒருவர் துணிந்து விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டவுன் போர்டு, திட்டக் குழு, சோனிங் மேல்முறையீட்டுக் குழு, மாநிலத்தின் சுற்றுச்சூழல் ஆய்வுச் சட்டம், பொது விசாரணை. ஒவ்வொன்றிலும் மாதக்கணக்கு. நியூயார்க் டவுன் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: மாற்றம் கேட்கப்படும் நிலத்திலோ அதை ஒட்டிய நிலத்திலோ 20 சதவீதத்துக்குச் சொந்தக்காரர்கள் எழுத்துமூலம் ஆட்சேபித்தால், சாதாரணப் பெரும்பான்மை போதாது, நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஐந்து பேர் கொண்ட டவுன் போர்டில் நான்கு பேர் ஆதரிக்க வேண்டும் என்று அர்த்தம். பக்கத்து நிலம் நான்கு நான்கு ஏக்கராக இருந்தால், அந்த 20 சதவீதம் எத்தனை குடும்பம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொது விசாரணைக்கு வருபவர்கள் யார்? அந்த ஊரில் ஏற்கனவே வீடு வைத்திருப்பவர்கள். அவர்களுக்குத்தான் அங்கே ஓட்டும் இருக்கிறது. கட்டப்படாத அந்த வீட்டில் குடியேறியிருக்கக் கூடியவர் இன்று நியூயார்க் நகரத்தின் பிரான்க்ஸ் பகுதியிலோ மவுண்ட் வெர்னானிலோ இருக்கிறார். அவருக்கு இந்த ஊரில் ஓட்டு கிடையாது. விசாரணை நடப்பதே தெரியாது. டவுன் போர்டு உறுப்பினரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் தன் வாக்காளர் சொன்னதைத்தான் செய்கிறார். வெளியில் நிற்பவரின் நலனைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அவரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. இத்தனைக்கும், நியூயார்க்கின் உயர்ந்தபட்ச நீதிமன்றம் 1975லேயே பெரென்சன் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது: ஒரு டவுன் சோனிங் வகுக்கும்போது தன் ஊரின் தேவையோடு வட்டாரத்தின் வீட்டுத் தேவையையும் எடைபோட வேண்டும் என்று. அந்த வழக்கு எந்த டவுன் மீது தெரியுமா? வெஸ்ட்செஸ்டரிலேயே உள்ள நியூ காசில்.

ஆட்சேபணைகள் எல்லாமே போலி என்று நான் சொல்ல மாட்டேன். வடக்கு வெஸ்ட்செஸ்டரின் பெரும்பகுதி நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் தரும் குரோட்டன் நீர்த்தேக்கங்களின் பிடிப்புப் பகுதி. பல ஊர்களில் பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அங்கே நூறு வீட்டு அடுக்குமாடி நினைத்த இடத்தில் கட்டிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் ரயில் நிலையத்தை ஒட்டி, சாக்கடை வசதியோடு இருக்கும் ஊர் மையத்திலும் அதே ஆட்சேபணை வேறு பெயரில் எழும். போக்குவரத்து நெரிசல், ஊரின் 'தன்மை', பள்ளிக்கூடத்தில் இடமில்லை.

பள்ளிக்கூடம் என்பது பெரிய விஷயம், கொஞ்சம் நிற்க வேண்டும். இங்கே பள்ளிச் செலவின் பெரும்பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருகிறது, வெஸ்ட்செஸ்டரின் சொத்து வரி நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. 20 லட்சம் டாலர் வீட்டில் வரும் குழந்தையும் வாடகை அடுக்குமாடியில் வரும் குழந்தையும் பள்ளிக்கு ஒரே செலவு. வரி வரவு ஒன்றல்ல. அதனால் குழந்தைகள் வரும் வீடு என்றாலே ஊருக்குக் கசப்பு. இதன் விளைவு வேடிக்கையானது. 'மூத்த குடிமக்களுக்கான வீடு' என்றால் அதே டவுன் போர்டு புன்னகையோடு அனுமதி கொடுக்கும். குழந்தை வைத்திருப்பவருக்கு வீடு மறுப்பது 1988 முதல் சட்டவிரோதம். ஆனால் 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான குடியிருப்புக்கு விலக்கு உண்டு. 80 சதவீத வீடுகளில் அந்த வயதினர் ஒருவராவது இருந்தால் போதும். பாட்டிக்கு இடமுண்டு, பேரக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கு இல்லை. அதிலும் 'உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை' என்று ஒரு விதி சேர்த்துவிட்டால், வீடு ஒதுக்கும் குலுக்கலில் வருபவரும் ஏற்கனவே அந்த ஊரில் இருப்பவரின் அப்பா அம்மாதான்.

சமரசத்துக்குப் பின் நடந்த கதைக்கு வருகிறேன். கையெழுத்துப் போட்ட கவுண்டித் தலைவர் ஆண்ட்ரூ ஸ்பானோ அந்த நவம்பரிலேயே தேர்தலில் தோற்றார். சமரசத்தை எதிர்த்துப் பேசிய ராப் அஸ்டோரினோ வந்தார். அரசு உதவி வவுச்சரில் வாடகை கட்டுபவருக்கு அந்தக் காரணத்துக்காக வீடு மறுக்கக் கூடாது என்ற சட்டத்தைக் கவுண்டி மன்றம் 2010ல் நிறைவேற்றியபோது வீட்டோ செய்தார். அது சமரசத்தை மீறிய செயல் என்று பின்னர் நீதிமன்றம் சொன்னது. சட்டம் 2013ல்தான் வந்தது. தடை ஆய்வைத் திருத்தி எழுதச் சொன்னது ஹட். கவுண்டி எழுதியது: எங்கள் ஊர்களில் விலக்கி வைக்கும் சோனிங் எதுவும் இல்லை. ஹட் திருப்பி அனுப்பியது. கவுண்டி மறுபடி அனுப்பியது, ஹட் மறுபடி திருப்பியது. இப்படியே வருடக்கணக்கில் போய், இடையில் லட்சக்கணக்கான டாலர் மானியம் நிறுத்தப்பட்டு, கடைசியில் 2017 ஜூலையில், டிரம்ப் ஆட்சி வந்த பிறகு, ஹட் அந்த ஆய்வை ஏற்றுக்கொண்டது. அதே வருட நவம்பரில் அஸ்டோரினோவும் தோற்றார்.

இவ்வளவுக்கும் 750 என்ற எண்ணைக் கவுண்டி எட்டிவிட்டது. எங்கே எட்டியது என்பதைப் பார்க்க வேண்டும். பில் கிளிண்டன் குடும்பம் வசிக்கும் சப்பாக்வா ஊரில் 28 வீட்டுக் கட்டிடம் ஒன்றுக்கு இடம் கிடைத்தது. ஒரு பக்கம் ரயில் பாதை, மறு பக்கம் பார்க்வே என்ற அதிவேகச் சாலை. நடுவில் ஒரு ஒடுக்கமான துண்டு நிலம். தீயணைப்பு விதிகளில் விலக்கு வாங்கினால்தான் கட்டவே முடியும் என்ற நிலை. அந்த விலக்குக்காகத் தனி விசாரணைகள். வேறு சில ஊர்களிலும் வீடுகள் எல்லையோரத்தில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், அடுத்த ஊரின் சிறுபான்மைப் பகுதியை ஒட்டி எழுந்தன. வரைபடத்தில் 'வெள்ளையர் ஊர்' என்ற நிபந்தனை நிறைவேறியது. வழக்குப் போட்ட மையம் கடைசிவரை திட்டிக்கொண்டே இருந்தது. என் பார்வையில், திட்டியதில் நியாயம் இருந்தது. ஆனால் இப்படிக் கட்டிய வீடுகளுக்கும் ஆள் வந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் அந்தந்த ஊர்ப் பள்ளிக்குப் போக முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதே கவுண்டியில் இதைவிட மோசமாகவும் ஒருமுறை நடந்திருக்கிறது. யாங்கர்ஸ் நகரம் தன் பொது வீட்டுத் திட்டங்களை ஏறக்குறைய எல்லாம் தென்மேற்கில் சுமார் ஒரு சதுர மைலுக்குள் குவித்தது. 1980ல் மத்திய நீதித்துறை வழக்குப் போட்டது. 1985ல் நீதிபதி லெனார்ட் சாண்ட், நகரம் வேண்டுமென்றே பிரித்தது என்று தீர்ப்பளித்தார், அடுத்த வருடம் கிழக்குப் பக்கத்தில் 200 வீடு கட்டச் சொன்னார். நகர மன்றம் மறுத்தது. 1988ல் நீதிமன்ற அவமதிப்பு அபராதம் முதல் நாள் 100 டாலர், பிறகு ஒவ்வொரு நாளும் இரட்டிப்பு. நகரத்தின் கஜானாவே காலியாகும் அளவுக்கு ஏறி, நூலகங்களை மூட வேண்டிய கட்டம் வந்த பிறகுதான் மன்றம் பணிந்தது. கட்டியவை இரண்டு மாடி வரிசை வீடுகள், பல இடங்களில் சிறு சிறு தொகுதிகளாக. பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. வழக்கு முழுதாக முடிந்தது 2007ல்தான்.

நிலமும் அனுமதியும் கிடைத்துவிட்டால் கதை முடிந்ததா? இல்லை, அப்புறம்தான் பணம். இங்கே எளியவருக்கான வீட்டை அரசு நேரடியாகக் கட்டுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. 1986ல் வந்த வரிச் சலுகைத் திட்டம்தான் முதுகெலும்பு. அதற்கு மேல் மாநில நிதி, கவுண்டி நிலநிதி, வங்கிக் கடன் என்று நாலைந்து இடத்தில் கூட்டிச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் காலக்கெடு. பல நிதிகள் சோனிங் அனுமதி கையில் இருந்தால்தான் விண்ணப்பத்தையே வாங்கும். அனுமதி மூன்று வருடம் இழுத்தால், நிலத்துக்குக் கொடுத்த முன்பணத்தின் கெடு முடிந்துவிடும், கட்டுமானச் செலவு ஏறிவிடும். அதனால் ஒரு திட்டத்தைக் கொல்ல யாரும் 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட வேண்டியதில்லை. 'இன்னும் ஒரு போக்குவரத்து ஆய்வு செய்யலாமே' என்றால் போதும்.

அப்படிக் கட்டிய வீடும் யாருக்குக் கட்டுப்படும் என்பது அடுத்த சிக்கல். வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு அடங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. தகுதியை அளப்பதோ வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தை வைத்து. வெஸ்ட்செஸ்டரில் நால்வர் குடும்பத்துக்கு அது ஒன்றரை லட்சம் டாலரை ஒட்டி வரும். அதில் பாதி, அதாவது 75,000 டாலர் சம்பாதிக்கும் குடும்பத்துக்கான வாடகை மாதம் 1,875 டாலர். 2025ல் இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர், வருடம் முழுக்க வாரம் 40 மணி நேரம் உழைத்தால் 34,320 டாலர், 30 சதவீதக் கணக்கில் 858 டாலர் வாடகை. வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர், சமையலறையில் பாத்திரம் தேய்ப்பவர் எல்லாம் இந்த வரிசையில் வருபவர்கள். ஊரில் அவர்கள் வேலை செய்யலாம், அவர்களுக்கென்று கட்டிய வீட்டிலும் வாடகை கட்ட முடியாது. இடைவெளியை நிரப்ப 'செக்‌ஷன் 8' வவுச்சர் இருக்கிறது. குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் கட்டும், மீதியை அரசு கட்டும். ஆனால் வவுச்சர் எல்லோருக்கும் கிடைக்கும் உரிமை இல்லை. வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கையில் வந்த பிறகு குறித்த நாட்களுக்குள் வீடு பிடிக்காவிட்டால் போய்விடும்.

இங்கே நேரடிப் பாகுபாடு நுழைகிறது. வவுச்சர் என்று சொன்னதும் 'நேற்றே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்' என்பார்கள். நியூயார்க் மாநிலம் முழுவதற்கும் இதைத் தடுக்கும் சட்டம் 2019ல் வந்தது. அதை எதிர்த்து வீட்டுச் சொந்தக்காரர்கள் வழக்கும் நடத்தியிருக்கிறார்கள். புரோக்கர்கள் இன்னும் நாசூக்கானவர்கள். நியூயார்க்கின் இன்னொரு புறநகரான லாங் ஐலண்டில் நியூஸ்டே பத்திரிகை ஒரே மாதிரி வருமானம், ஒரே மாதிரி தேவை சொல்லும் ஜோடிகளை மறைமுகக் கேமராவோடு அனுப்பிச் சோதித்து 2019ல் வெளியிட்டது. கறுப்பினச் சோதனையாளர்கள் 49 சதவீதச் சோதனைகளிலும், லத்தீனோக்கள் 39 சதவீதத்திலும், ஆசியர்கள் 19 சதவீதத்திலும் சமமற்று நடத்தப்பட்டிருந்தார்கள். ஆசியர் கணக்கில் நாமும் வருகிறோம், கவனியுங்கள். இன்னொன்று, கோ-ஆப் அடுக்குமாடிகள், அதாவது குடியிருப்பவர்களே கூட்டாகச் சொந்தமாக வைத்திருக்கும் கட்டிடங்கள். வெஸ்ட்செஸ்டரில் தனி வீட்டைவிட மலிவாக வாங்கக் கிடைப்பது பெரும்பாலும் இவைதான். ஆனால் கட்டிடத்தின் குழு சம்மதிக்காமல் உள்ளே போக முடியாது, காரணம் சொல்லாமலே நிராகரிப்பது நெடுநாள் பழக்கம். சமீப வருடங்களில் கவுண்டி இதற்கு விதிகள் போட்டுக் கொஞ்சம் இறுக்கியிருக்கிறது.

எங்கேயாவது இது ஒழுங்காக நடந்திருக்கிறதா என்றால், மேரிலாந்தின் மாண்ட்காமரி கவுண்டியைச் சொல்வேன். அதுவும் வசதியான புறநகர்தான், வாஷிங்டனை ஒட்டியது. 1974 முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வீடு கட்டும் எந்த பில்டரும் அதில் ஒரு பங்கை, 12.5 முதல் 15 சதவீதம் வரை, குறைந்த விலையில் ஒதுக்க வேண்டும். பதிலுக்குக் கூடுதலாகச் சில வீடு கட்டிக்கொள்ளலாம். அதில் ஒரு பகுதியைக் கவுண்டியின் வீட்டுவசதி அமைப்பே வாங்கி மிகவும் ஏழைகளுக்கு வாடகைக்கு விடுகிறது. அங்கே ஏன் முடிந்தது? அந்தக் கவுண்டியின் பெரும்பகுதிக்குச் சோனிங் அதிகாரமும் கவுண்டியிடமே, பள்ளிகளும் கவுண்டி முழுவதற்கும் ஒரே அமைப்பு. ஓர் ஊர் தன்னை மட்டும் பூட்டிக்கொள்ள அங்கே வழி குறைவு. அந்தத் திட்டத்திலும் ஓட்டை இருந்தது. ஆரம்ப காலத்தில் விலைக் கட்டுப்பாடு சில வருடங்களிலேயே முடிந்துவிட, ஆயிரக்கணக்கான வீடுகள் சந்தை விலைக்குப் போய்விட்டன. நியூஜெர்சியில் இருக்கும் நம்மவர்களுக்கு மவுண்ட் லாரல் என்ற ஊரின் பெயரில் வந்த தீர்ப்புகள் பழக்கம். அங்கே 1975லும் 1983லும் மாநில உச்ச நீதிமன்றம் எளியவருக்கான வீடுகளில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பங்கு என்று கட்டாயமாக்கியது. நியூயார்க்கில் அப்படி ஒன்றும் இல்லை. 2023ல் ஆளுநர் கேத்தி ஹோக்கல், நியூயார்க் நகரத்தை ஒட்டிய ஊர்கள் மூன்று வருடத்துக்கு 3 சதவீதம் வீடுகளைக் கூட்ட வேண்டும், முரண்டு பிடித்தால் மாநிலம் தலையிடும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். புறநகர் உறுப்பினர்கள், இரண்டு கட்சியிலும், எதிர்த்தார்கள். சட்டமன்றத்தில் அப்படியே செத்தது.

சரி, தம்பி விஷயம்.

சக்கர நாற்காலி போகும் வீடு புறநகரில் ஏன் அரிது என்பதற்கும் சோனிங்குக்கும் தொடர்பு உண்டு. நியாய வீட்டுவசதிச் சட்டத்தின் 1988 திருத்தத்தின்படி, 1991 மார்ச் 13க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய, நான்கு வீடு அல்லது அதற்கு மேல் கொண்ட கட்டிடங்களில் படியில்லாத நுழைவு, அகலமான கதவுகள், எட்டும் உயரத்தில் சுவிட்சுகள், பிடிகம்பி பொருத்தும்படி பலப்படுத்திய குளியலறைச் சுவர் எல்லாம் கட்டாயம். லிஃப்ட் இருந்தால் எல்லா வீட்டுக்கும். இல்லாவிட்டால் தரைத்தள வீடுகளுக்கு மட்டும். தனி வீடுகளுக்கு இந்த விதியே கிடையாது. வெஸ்ட்செஸ்டரின் வீடுகள் பெரும்பாலும் தனி வீடுகள், அல்லது 1991க்கு முந்திய அடுக்குமாடிகள். இரண்டரை மாடிக்கு மேல் கட்டக் கூடாது என்று ஊர் விதி போட்டால், பில்டர் லிஃப்ட் வைக்க மாட்டார். லிஃப்ட் இல்லையென்றால் மேல் வீடுகள் எதுவும் இவர்களுக்கு ஆகாது. உயர வரம்பு போட்டவர் மாமியாரை மனதில் வைத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

அதனால் தேடும்போது 1991க்குப் பிறகு கட்டிய, லிஃப்ட் உள்ள கட்டிடங்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வைட் பிளெய்ன்ஸ், நியூ ரோஷெல், யாங்கர்ஸ் நகர மையங்களில் புதிதாக எழுந்தவை நிறைய. மத்திய அரசின் நிதியில் கட்டிய புதிய குடியிருப்புகளில் 5 சதவீத வீடுகள் நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கும், இன்னும் 2 சதவீதம் கேட்கும், பார்க்கும் திறன் குறைந்தவர்களுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. வருமானம் தகுதி வரம்புக்குள் வந்தால் குலுக்கல் விண்ணப்பத்தில் அந்தத் தேவையைக் கட்டாயம் குறிக்க வேண்டும். பலர் வெட்கப்பட்டோ, சொன்னால் நிராகரிப்பார்களோ என்று பயந்தோ குறிப்பதில்லை. குறித்தால்தான் அந்த ஒதுக்கீட்டு வரிசையில் பெயர் ஏறும். பஸ் வழித்தடத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் முக்கியம். வீட்டு வாசலுக்கு வரும் மாற்றுத்திறனாளி வண்டிச் சேவைக்கான சட்டக் கட்டாயம் பஸ் வழித்தடத்திலிருந்து முக்கால் மைல் வரைதான்.

பழைய கட்டிடம்தான் அமைகிறது என்றால், நியாயமான மாற்றங்களைக் கேட்க உரிமை இருக்கிறது: வாசலில் சாய்தளம், குளியலறையில் பிடிகம்பி. தனியார் வீட்டில், மத்திய சட்டப்படி, செய்யும் செலவு வாடகைதாரருடையது. ஆனால் சொந்தக்காரர் நியாயமான கோரிக்கையை மறுக்க முடியாது. மத்திய நிதி பெற்ற கட்டிடமானால் பெரும்பாலும் செலவு சொந்தக்காரருடையது. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடம் ஒதுக்கிக் கேட்பது போன்றவை கட்டிட மாற்றம் அல்ல, விதித் தளர்வு. அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது. மாமியாருக்கு என்ன நோய் என்று விவரம் கேட்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. தேவை வெளிப்படையாகத் தெரியாத இடத்தில் மட்டும் ஒரு மருத்துவரின் கடிதம் கேட்கலாம்.

எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். போனில் பேசினால், அன்றே 'நாம் பேசியபடி' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடட்டும். மறுத்தால் கவுண்டியின் மனித உரிமை ஆணையம், மாநில மனித உரிமைப் பிரிவு, ஹட் மூன்றில் எங்கும் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, குடியுரிமையும் தேவையில்லை. ஹட்டிடம் என்றால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மத்திய நீதிமன்றத்தில் நேராக வழக்கு என்றால் இரண்டு வருடம். இப்போதைய சூழலில் மத்திய அரசு இந்த விஷயத்தில் சுறுசுறுப்பாக இல்லை, 2025ல் பிரிவினையைக் குறைக்கும் கடமை பற்றிய விதியையே நீக்கிவிட்டது. அதனால் நான் முதலில் தட்டச் சொல்வது கவுண்டி ஆணையத்தின் கதவை.